உளப்பதிவும் தன்விருப்பும்: 'பிரேக்கிங் டான்' நாவலில் ஒரு கதைமரபு விளைத்த ஊறு

முன்னுரை

மனித இயல்பைக் கடந்த பாத்திரங்களைத் தலைமக்களாகக் கொண்ட காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் தனியொரு வகைமையாக வளர்ந்து நிற்கின்றன. இரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் உலவும் இவற்றை 'அமானுடக் காதல் நாவல்கள்' எனச் சுட்டலாம். திறனாய்வாளர் பலர் இவற்றைப் பொழுதுபோக்கு எழுத்து என ஒதுக்கிவிடுவர். வாசகர்களோ இவற்றை மிகுந்த கூர்மையுடன் படித்து, எந்த நாவல் எந்த இடத்தில் தடுமாறிற்று என்பதைத் துல்லியமாகக் கூறவும் செய்கின்றனர். அத்தகைய வாசகர் கூற்றுகளுள் அடிக்கடி கேட்கப்படுவது ஒன்றுண்டு. நாவல் நன்றாகவே இருந்தது, ஆனால் தாம் வெறுக்கும் கதைமரபு ஒன்று இடையில் நுழைந்து அனைத்தையும் கெடுத்துவிட்டது என்பதே அது.

கதைமரபு என இங்குக் குறிக்கப்பெறுவது, ஒரு வகைமைக்குள் மீண்டும் மீண்டும் இடம்பெற்று, வாசகர் பார்த்த அளவிலேயே அடையாளம் காணும் நிகழ்ச்சியமைப்பாகும். அதன்மீது கொள்ளும் வெறுப்பு வெறும் சுவை வேறுபாடுதானா? பாகற்காய் பிடிக்காதவர் அதை விலக்குவது போன்ற ஒன்றா? அல்லது அவ்வெறுப்புக்குள் இலக்கிய மதிப்பீடு ஒன்று பொதிந்துள்ளதா? ஸ்டெபனி மேயரின் 'டுவைலைட்' வரிசையில் நான்காவதாகிய 'பிரேக்கிங் டான்' என்னும் நாவலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. 2008 ஆகஸ்டு 2ஆம் நாள் வெளிவந்த இந்நாவல், அமெரிக்காவில் முதல் நாளிலேயே பதின்மூன்று இலட்சம் படிகள் விற்பனையாயிற்று. அவ்வளவு ஆவலோடு வாங்கியவர்களுள் கணிசமானோர் சினமுற்றனர் என்பதும் அறியப்பட்ட செய்தியே. அச்சினத்திற்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. அவற்றுள் முதன்மையானது, ஜேக்கப் என்னும் ஓநாய் இளைஞன் பிறந்த குழந்தையிடம் பிணைப்புறும் நிகழ்ச்சியாகும்.

விதித்த துணை

விதியால் குறிக்கப்பட்ட துணை என்பது இவ்வகைமையின் பழைய மூலதனம். 1999இல் வெளிவந்த கிறிஸ்டின் பீகனின் 'டார்க் பிரின்ஸ்' நாவலில் வரும் கார்பேத்திய ஆடவர்கள், நாளடைவில் நிறங்களைக் காணும் ஆற்றலையும் உணர்ச்சிகளையும் இழந்துவிடுகின்றனர். தமக்குரிய வாழ்க்கைத்துணையைக் கண்டால் மட்டுமே இழந்தவை மீளும். ஆடவன் சடங்குச் சொற்களைக் கூறிவிட்டால், பெண்ணின் இசைவு இருப்பினும் இல்லாவிடினும் பிணைப்பு நிலைத்துவிடுகிறது. இம்மரபின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியதே. கைவிடப்படுவோமோ என்னும் அச்சம் அதில் இல்லை. காதலன் மனம் மாறமாட்டான். ஆயினும் அதே உறுதிப்பாடு கதைக்குப் பகையாகவும் அமைகிறது. மனம் மாற இயலாதவன் ஒருவனிடமிருந்து பெறும் அன்பைப் பெற்றதாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் எழாமல் இராது. தேர்ந்த படைப்பாளிகள் அவ்வையத்தையே கதையாக்குகின்றனர். 2006இல் வெளிவந்த பேட்ரீசியா பிரிக்ஸின் 'மூன் கால்ட்' நாவலில், ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் தன்னைக் கேளாமலேயே தன் கூட்டத்தார்முன் தன்னைத் துணையென அறிவித்திருப்பதை அறிந்த மெர்சி என்னும் கதைத்தலைவி அதனை அருளாகக் கருதவில்லை. அவளுடைய இசைவு எப்போது, எவ்வாறு கிடைக்கும் என்பது அடுத்தடுத்த நாவல்களின் பொருளாகிறது.

மேயர் இம்மரபுக்கு 'இம்பிரிண்டிங்' என்னும் பெயரைச் சூட்டினார். இதனை உளப்பதிவு எனத் தமிழில் வழங்கலாம். விலங்கு நடத்தையியலில் கொன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு 1930களில் விளக்கிய நிகழ்வின் பெயர் அது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, தான் முதலில் காணும் அசையும் உருவத்தையே தாயாகக் கொண்டு பின்தொடரும். லோரன்ஸின் ஆய்வில் பதிவு கொள்வது குஞ்சு. பதியப்படுவது முதிர்ந்த உயிர். மேயரிடம் இது தலைகீழாகிறது. இளைஞன் பதிவு கொள்கிறான்; பதியப்படுவது சிலபோது கைக்குழந்தை. பெயரைக் கடன்வாங்கியபோது திசை மாறியதை நாவலாசிரியர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஜேக்கப் ஈட்டியதும் இழந்ததும்

இக்கதைமரபு 'பிரேக்கிங் டான்' நாவலில் திடீரென வந்ததன்று. 'எக்லிப்ஸ்' (2007) நாவலிலேயே ஜேக்கப் அதனைப் பெல்லாவுக்கு விளக்குகிறான். அவனுடைய நண்பன் குவில், இரண்டு வயதுக் கிளேரிடம் உளப்பதிவு கொண்டிருக்கிறான். பெல்லா அதிர்ச்சியடைகிறாள். குவில் இப்போதைக்கு அண்ணனாகவும், பின்னர் நண்பனாகவும், அவளுக்கு எது வேண்டுமோ அதுவாகவும் இருப்பான் என ஜேக்கப் அமைதி கூறுகிறான். எனவே முன்னறிவிப்பு இல்லை என நாவலாசிரியர்மீது குறைகூற இயலாது. வாசகர்களும் அதனைச் சுட்டவில்லை. குவிலின் செய்தியைச் சிறு நெருடலோடு கடந்து சென்ற அதே வாசகர்கள், ஜேக்கப்பின் நிகழ்ச்சியில் நூலை மூடிவைத்தனர். இவ்வேறுபாடு கருதத்தக்கது. கதைமரபு ஒன்றே, கெடுத்தது ஓரிடத்தில் மட்டும்.

காரணத்தைக் காண நாவலின் இரண்டாம் பகுதியை நெருங்கி நோக்குதல் வேண்டும். 'பிரேக்கிங் டான்' மூன்று பகுதிகளையுடையது. முதலும் மூன்றும் பெல்லாவின் கூற்று. நடுப்பகுதி ஜேக்கப்பின் கூற்று. கூற்று மாறியதும் நாவலின் நடையே மாறுகிறது. அதிகாரத் தலைப்புகள் நீண்டு, எள்ளலாகி, சலிப்பும் நகையும் கலந்த ஓர் இளைஞனின் குரலைத் தாங்குகின்றன. நான்கு நாவல்களிலும் உயிர்ப்பு மிக்க பகுதி இதுவே எனத் துணிந்து கூறலாம். இப்பகுதியின் பொருளும் தெளிவானது: தன்விருப்பு. எட்வர்டை மணந்து கருவுற்ற பெல்லாவையும் அக்கருவையும் அழிக்கவேண்டும் எனக் கூட்டத்தலைவன் சாம் ஆணையிடுகிறான். தலைவனின் ஆணையை மீறும் ஆற்றல் ஓநாய்களுக்கு இல்லை, உடலே பணிந்துவிடும். ஜேக்கப் தன் குலவழி உரிமையை எடுத்துக்கொண்டு அவ்வாணையை உதறி எழுகிறான். மண்டியிட்ட உடலை அவனே நிமிர்த்துகிறான். வரிசை முழுவதிலும் ஒரு பாத்திரம் செய்யும் மிகப் பெரிய சுதந்திரச் செயல் இது.

அடுத்து வரும் நிகழ்ச்சி ஒன்று இன்னும் நுட்பமானது. பெல்லாமீது கொண்ட காதலின் வலி தாளாமல், எட்வர்ட் தந்த காரை ஓட்டிக்கொண்டு ஜேக்கப் தொலைவிலுள்ள பூங்கா ஒன்றுக்குச் செல்கிறான். அங்கு வரும் பெண்களை ஒவ்வொருவராக நோக்கி, எவரிடமாவது உளப்பதிவு நேர்ந்துவிடாதா என வலிந்து முயல்கிறான். காரைக் கண்டு வியந்து பேச வந்த பெண் நல்லவளாகத்தான் தெரிகிறாள். அவனுக்குள் ஒன்றும் நிகழவில்லை. வலியிலிருந்து விடுதலை தரும் மருந்தாக உளப்பதிவை விரும்பியும், அம்மருந்து தனக்குக் கிடைக்காது என உணர்ந்து, வலியோடேயே திரும்புகிறான். கதைமரபையே கேள்விக்கு உட்படுத்தும் காட்சி இது. தேர்ந்துகொண்ட காதல் துன்பம் தருவது. விதித்த காதல் துன்பமற்றது. ஆனால் முன்னதுதான் அவனுடையது என்னும் உணர்வு வாசகருக்கு ஏற்படுகிறது. அந்நிலையில் நாவல் எங்குச் செல்லும் என்னும் ஆவல் உண்மையான ஆவலாகும்.

அது சென்ற இடம் நாமறிந்ததே. மகப்பேற்றில் பெல்லா இறந்துவிட்டதாக எண்ணிய ஜேக்கப், அவளைக் கொன்ற குழந்தையைக் கொல்லக் கீழிறங்குகிறான். ரோசலியின் தோளுக்கு மேலே குழந்தையின் கண்கள் அவனைச் சந்திக்கின்றன. அவை பெல்லாவின் பழுப்பு நிறக் கண்கள். அக்கணத்தில் அவனை வாழ்வோடு கட்டியிருந்த இழைகள் யாவும் ஒவ்வொன்றாக அறுபடுவதாக நாவல் வருணிக்கிறது. மேலே கிடக்கும் பெண்மீதுள்ள காதல், தந்தைமீதுள்ள அன்பு, கூட்டத்தின்மீதுள்ள பற்று, பகைவர்மீதுள்ள வெறுப்பு, வீடு, பெயர், தான் என்னும் உணர்வு ஆகிய அனைத்தும் அவ்வறுபடும் பட்டியலில் அடங்கும். ஆசிரியர் இதனைப் பேரின்பமாகவே எழுதியுள்ளார். ஆனால் அப்பட்டியலை மீண்டும் படித்துப் பார்ப்பவருக்கு அஃது ஓர் இறப்பின் வருணனையாகவே தோன்றும். அந்த அதிகாரத்தின் தலைப்பும் இதற்குச் சொற்களில்லை என்னும் பொருள்பட அமைந்துள்ளது. அதற்குப்பின் ஜேக்கப் கதைகூறவேயில்லை. எஞ்சிய பகுதி முழுவதும் பெல்லாவின் கூற்று. கொட்டிக் கொட்டிப் பேசிய அக்குரல் குழந்தையின் பார்வை பட்டதும் அடங்கிவிட்டது. நாவலின் அமைப்பே வாசகர் வெறுப்புக்குச் சான்றுரைப்பதை இவ்விடத்தில் காணலாம்.

ஊறு இத்தோடு நிற்கவில்லை. கர்ப்பக் காலத்தில் பெல்லாவும் ஜேக்கப்பும் ஒருவரையொருவர் விட்டு அகல இயலாமல் இருந்ததற்கும், அதற்கு முந்தைய ஈர்ப்புக்கும் பிறக்கவிருந்த ரெனெஸ்மியே காரணம் என மூன்றாம் பகுதியில் ஜேக்கப்பே விளக்கம் தருகிறான். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 'நியூ மூன்' (2006) நாவலில், எட்வர்ட் நீங்கிய வெறுமையில் உறைந்துபோன பெல்லாவை மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கொட்டகையில் சிறிது சிறிதாகச் சிரிக்க வைத்தவன் ஜேக்கப். அந்நட்பு முழுவதும் இப்போது வருமுன் காட்டிய அறிகுறியாகச் சுருங்குகிறது. ஒரு கதைமரபு தான் இடம்பெற்ற பக்கங்களை மட்டுமன்றி, வாசகர் முன்னரே படித்து விரும்பி மனத்தில் வைத்திருந்த பக்கங்களையும் பின்னோக்கிச் சென்று திருத்தி எழுதுகிறது. பிடிக்காத முடிவுக்கும் நாவலைக் கெடுத்த முடிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இவ்வாறு நேர்ந்ததற்கு நூல் எழுந்த வரலாற்றில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. 'டுவைலைட்' நாவலை முடித்தபின், அதன் நேரடித் தொடர்ச்சியாக 'ஃபாரெவர் டான்' என்னும் பெயரில் மேயர் ஒரு நாவல் எழுதினார். அது வெளியிடப்படவில்லை. திருமணம், கருவுறல், ரெனெஸ்மியின் பிறப்பு, ஜேக்கப்பின் உளப்பதிவு ஆகியன அதிலேயே இருந்தன என அவரே பின்னர்த் தெரிவித்துள்ளார். இடைப்பட்ட 'நியூ மூன்', 'எக்லிப்ஸ்' ஆகியன அதற்குப் பின்னரே உருவாயின. அஃதாவது, ஜேக்கப் சிறு பாத்திரமாக இருந்த காலத்தில் அவனுக்கென வகுத்த முடிவு, அவன் இரண்டு நாவல்களில் வளர்ந்து முழுமனிதனான பின்னரும் மாற்றப்படவில்லை. சிறுவனுக்குத் தைத்த சட்டையை இளைஞனுக்கு அணிவித்தது போலாயிற்று.

ஆதரவாளர் கூற்றும் கைக்கிளையும்

உளப்பதிவில் காமம் இல்லை. குழந்தை வளரும்வரை அது காவல் மட்டுமே. வளர்ந்தபின் முடிவெடுப்பது அவளே என ஆதரவாளர் வாதிடுவர். நாவலும் இதனை வலியுறுத்துகிறது. மேலும், ரெனெஸ்மி போன்றோர் ஏழே ஆண்டுகளில் முழுவளர்ச்சி அடைவர் என்பதற்கு நாகுவெல் என்னும் பாத்திரம் இறுதியில் சான்றாகக் கொண்டுவரப்படுகிறான். ஓர் அற்புதத்தால் விளைந்த நெருடலை மற்றோர் அற்புதத்தால் மூடும் முயற்சி இது. நெருடல் இல்லையெனில் மூடவேண்டிய தேவை எழுந்திருக்காது.

தமிழ் மாணவர்க்கு இங்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. விதி கூட்டும் காதல் நமக்குப் புதிதன்று. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுதல் பாலின் ஆணையால் நிகழ்வது எனக் களவியல் கூறும். ஆயினும் ஊழின் பணி எதிர்ப்படுத்துவதோடு முடிகிறது. அதன்பின் ஐயம் வருகிறது, குறிப்பறிதல் வருகிறது. இருவர் கண்களும் ஒருவர் உள்ளத்தை மற்றவர்க்கு உரைத்தல் வேண்டும். தலைமக்களிடையே இருக்கவேண்டிய பத்து வகை ஒப்புகளுள் வயதையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். காமவுணர்வுக்கு இன்னும் உரியளாகாத இளையவளிடம் ஒருவன் கொள்ளும் விருப்பத்தையோ, அவளிடமிருந்து மறுமொழி பெறாமலேயே தானே சொல்லித் தானே இன்புறும் நிலையெனக் காட்டி, கைக்கிளை எனப் பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார்.

இருபத்தோராம் நூற்றாண்டின் அமெரிக்க நாவலைத் தொல்காப்பியத்தால் அளந்து குற்றம் சாட்டுவது இங்கு நோக்கமன்று. கைக்கிளையின் வரையறையில் அறக்கண்டனத்தைவிட அமைப்பு பற்றிய அறிவே மிகுதியாக உள்ளது என்பதே கருதத்தக்கது. மறுமொழி கூற இயலாதவரை முன்னிலைப்படுத்திய காதலில் ஊடல் இல்லை; தோழிக்கு வேலையில்லை; வரைவு கடாதலும் இல்லை. அஃதாவது, நிகழ்ச்சி நகர்வதற்கு வழியில்லை. ஜேக்கப்புக்கும் ரெனெஸ்மிக்கும் இடையே நாவலின் எஞ்சிய பக்கங்களில் கதையென எதுவும் நிகழாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. செய்தி அறிந்து வெகுண்ட பெல்லா ஜேக்கப்மீது பாயும்போது, குறுக்கே வந்த சேத்தின் தோளெலும்பு முறிகிறது. அவளுடைய சினமே அப்பகுதியில் உயிருள்ள ஒரே மறுமொழி. அதுவும் குழந்தைக்கு இட்ட செல்லப்பெயர் பற்றிய நகைச்சுவையாகத் திரிந்து, விரைவில் தணிந்துவிடுகிறது. ஓநாய்களுக்கும் கல்லன் குடும்பத்தாருக்கும் இடையே மூளவிருந்த போரும் அவ்வாறே தணிகிறது. உளப்பதிவு பெற்றவருக்கு ஊறு செய்யலாகாது என்பது ஓநாய்களின் மீறவொண்ணாச் சட்டம். இருநூறு பக்கங்களுக்கு மேல் கட்டியெழுப்பிய பகை ஒரு பார்வையில் தீர்ந்துவிடுகிறது. பகை தீர்ந்தமை ஆசிரியருக்கு வசதி, வாசகருக்கு ஏமாற்றம்.

குவிலியூட் மக்கள்

இக்கதைமரபு எவர்மீது ஏற்றப்பட்டுள்ளது என்பதையும் சுருக்கமாகவேனும் சுட்டவேண்டும். குவிலியூட் மக்கள் கற்பனையல்லர். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்னுமிடத்தில் வாழும் தொல்குடியினர். ஓநாய்களிலிருந்து தம் முன்னோர் மாந்தராக மாற்றப்பட்டனர் என்னும் தோற்றத்தொன்மம் அவர்களுக்கு உண்டு. உளப்பதிவு அவர்களுடைய மரபில் இல்லை; அது மேயரின் புனைவு. இரத்தம் குடிக்கும் இயல்பை மனவுறுதியால் வென்று விலங்குக் குருதியோடு அமைவது கல்லன் குடும்பத்தாரின் பெருமையாக வரிசை முழுவதும் போற்றப்படுகிறது. தொல்குடி இளைஞர்களுக்கோ ஓநாயாவதிலும் தேர்வில்லை, காதலிலும் தேர்வில்லை. ஒரு சாரார்க்கு அறமும் மறுசாரார்க்கு இயல்பூக்கமும் எனப் பங்கிட்ட இவ்வமைப்பு, ஜேக்கப் தலைவனின் ஆணையை உதறிய இடத்தில் மட்டுமே உடைபட்டது. உளப்பதிவு அவ்வுடைப்பையும் அடைத்துவிட்டது.

லியா

இதே நாவல் வரிசைக்குள் இதே கதைமரபு இலக்கியத் தரத்தோடு கையாளப்பட்ட இடமும் உண்டு என்பதால், குற்றம் மரபினுடையது மட்டுமன்று எனக் கொள்ள வேண்டியுள்ளது. லியா சாமின் காதலி. ஓநாயாக மாறிய சாம், லியாவுக்கு உடன்பிறந்தாள் போன்றிருந்த உறவுப்பெண் எமிலியிடம் உளப்பதிவு கொண்டான். அவன் துரோகம் செய்யவில்லை, தடுக்கவும் இயலவில்லை. எமிலி முதலில் அவனை ஏற்கவும் இல்லை. பின்னர் லியாவும் ஓநாயாகிறாள். ஓநாய்களின் மனங்கள் ஒன்றுக்கொன்று திறந்தவை. எனவே சாமின் உள்ளத்தில் எமிலி நிறைந்திருப்பதை லியா நாள்தோறும் கேட்கவேண்டும். லியாவின் புண்ணைச் சாம் கேட்கவேண்டும். கூட்டம் முழுவதும் இரண்டையும் கேட்கவேண்டும். பழிசுமத்த எவருமில்லாத துன்பம் இது. விதித்த காதலின் விலையை அதற்கு வெளியே நிற்பவள் செலுத்துகிறாள்.

லியா ஜேக்கப்பிடம் மனம்திறக்கும் பகுதி மிக அருமையானது. உளப்பதிவு ஓநாய்க் குலத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்தவே ஏற்பட்டது என்பது சாமின் கருத்து. அவ்வாறெனில் ஓநாய்க் குருதியுடைய தன்னை அது ஏன் விலக்கிற்று என லியா கேட்கிறாள். கூட்டத்தின் ஒரே பெண் ஓநாயாகிய தன்னுடலில் ஏதோ குறை, தான் குலம் முடிந்துபோகும் முனை என்னும் முடிவுக்கு அவளே வருகிறாள். ஒரு கதைமரபை அதன் தருக்கத்தின் எல்லைவரை எண்ணிப் பார்த்த பாத்திரம் இவ்வரிசையில் இவள் ஒருத்தியே. சாமின் குரலிலிருந்து விடுபடவே அவள் ஜேக்கப்பின் சிறு கூட்டத்தில் சேர்கிறாள். உளப்பதிவு கொள்ளாத இருவர், அதனால் வருந்திய இருவர், ஒருவரையொருவர் எள்ளியபடியே தோழமை கொள்ளத் தொடங்குகின்றனர். இத்தோழமை காதலாக வேண்டும் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் நாவலில் எவரும் விதிக்காமல், எவரும் எதிர்பாராமல் முளைத்த உறவு இது ஒன்றே.

ஜேக்கப் ரெனெஸ்மியைக் கண்ட கணத்தில், உளப்பதிவால் காயமுற்றோர் வரிசையில் லியா மீண்டும் தனித்து விடப்படுகிறாள். பழைய காதலன் எமிலியிடம். புதிய தலைவன் கைக்குழந்தையிடம். இது லியாவுக்கு எவ்வாறு இருந்தது என நாவல் வினவவில்லை. கதைகூறும் பொறுப்பு பெல்லாவிடம் திரும்பிவிட்டமையால் வினவ ஆளும் இல்லை. மூன்றாம் பகுதியில் லியா ஜேக்கப்புக்கு அடுத்த நிலையில் கூட்டத்தைக் காப்பவளாகச் சில இடங்களில் மட்டும் வந்துபோகிறாள். 2012இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகம், வளர்ந்த ரெனெஸ்மியோடு ஜேக்கப் நிற்கும் எதிர்காலக் காட்சியொன்றை ஆலிஸின் முன்னறிவாகக் காட்டிப் பார்வையாளரைத் தேற்ற முயன்றது. லியாவுக்கென அத்தகைய காட்சி எதுவும் அமைக்கப்படவில்லை.